செவ்வாய்க் கூடாரத்து மீசை

லியாகத் அலி பெரிய காஞ்சிபுரத்தில் போர்டு எழுதுபவர். ஒரே பிள்ளை, ஜாஃபர். பிறந்தபோது மருத்துவச்சி இரண்டு முறை துணியை விலக்கிப் பார்த்தாள். பிறகு ஆண் என்றாள். வளர வளர உடம்பு வேறு விதமாகச் சொன்னது. தெருவில் கல்லெறிந்தார்கள். அதிலிருந்து பிள்ளை வீட்டை விட்டு வெளியே வருவதில்லை.

சந்திரனில் ஆள் இறங்கிய மறு வருஷம், கருடசேவைக் கூட்டத்தை நம்பிப் பொருட்காட்சி போட்ட தணிகாசலம், செவ்வாய் கிரகத்து ஆட்களைப் பலகையில் வரைந்து தரச் சொன்னான். லியாகத் அலி இருவரை வரைந்தார். ஒரே மாதிரி இருவர். சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு அவர் கதை சொல்லிச் சொல்லி உண்டாக்கிய ஆட்கள். அங்கே ஆண் பெண் கிடையாது. இருவர் உள்ளங்கையைச் சேர்த்து வைத்தால், யார் கை சூடோ அந்தக் கையில் குழந்தை மொக்குவிடும்.

"ஊரே பாக்குமா அத்தா?" என்றது ஜாஃபர். "அப்போ நானும் வரேன். கடைசி நாள். கூட்டம் கொறவா இருக்கும்."

லியாகத் அலி அன்று ஒரு வேளை கூடுதலாகத் தொழுதவர்போல் நிம்மதியாக இருந்தார்.

தணிகாசலம் பலகையைச் சுற்றி வந்தான். "இன்னா பாய், இதுல எது ஆம்பளை?"

"அங்க அப்படி இல்லபா."

"நீ போய்ப் பாத்துக்கினு வந்தியா? டிக்கெட் வாங்கினவன் என்னை ஒதைப்பான். ஒண்ணுக்கு மீசை வையி. ஒண்ணுக்குப் பட்டுப்பொடவை கட்டு, கடைக்காரன் வெளம்பரம் குடுப்பான். இல்லேன்னா தூக்கிக்கினு போ."

தூக்கிப்போய் வீட்டில் காட்டலாம். ஆனால் அது ஊர் நடுவில் நிற்கிறது என்பதற்காகத்தான் பிள்ளை வருவதாகச் சொன்னது.

உடல்கள் எனாமலில் இருந்தன. மீசையையும் புடவையையும் பவுடர் கலரில் போட்டார். ஈரத்துணி பட்டால் போய்விடும். கடைசி நாள் துடைத்துக்கொள்ளலாம்.

ஜாஃபர் அதற்கு முந்தின நாளே போனது. அம்மா நபீசாவின் புர்க்காவைப் போட்டுக்கொண்டு, தனியாக. கூடாரத்தில் யாரோ பலகையைக் காட்டி, "மாப்ள முறுக்காத்தான் கீறாரு" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

லியாகத் அலி வீடு திரும்பியபோது புர்க்கா மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"அங்கயும் மீசை வந்துடுச்சா அத்தா?"

"அது சும்மா பவுடர் கலரு. நாளைக்கு வா, நீயே..."

ஜாஃபர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

மறுநாள் கூடாரம் பிரித்தார்கள். ஈரத்துணியின் ஒரே இழுப்பில் மீசை வந்துவிட்டது; புடவையும் போனது. பலகையைச் சைக்கிளில் கட்டி எடுத்துவந்து, பிள்ளையின் கதவுக்கு எதிரே சாய்த்து வைத்தார். கதவு திறக்கவில்லை.

மழைக்காலத்தில் நபீசா அதைச் சமையல்கட்டுக் கூரையின் ஒழுகும் இடத்தில் போட்டாள். எனாமல் நன்றாகத் தாங்கியது.