லாட்ஜ் வாசலில் ஒரு செம்புத் தகடு

கொடைக்கானலில் உங்களுக்குப் பிடித்த இடம் எது என்று யாராவது கேட்டால், ஏரியையோ தூண்பாறையையோ நான் சொல்வதில்லை. நாங்கள் தங்கிய லாட்ஜின் வாசலைத்தான் சொல்வேன்.

தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். ஏழாயிரம்பண்ணை ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் என் கணவரின் தங்கை முத்துமாரியும் அவளோடு வேலை செய்யும் பெண்களும் வேன் பிடித்துக் கிளம்பினார்கள். ஓர் இடம் காலியாக இருந்ததால் நானும் தொற்றிக்கொண்டேன்.

லாட்ஜ் வாசலில் அழகுக்காக ஒரு செம்புத் தகடு பதித்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் அதில் உள்ளங்கையை வைத்துவிட்டே உள்ளே போனாள். ஏதோ சாமி போலிருக்கிறது என்று நானும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"சாமின்னு நெனச்சீகளா மதினி?" என்றாள் முத்துமாரி. "கம்பெனியில வெடிமருந்து இருக்குற ரூமுக்குள்ள போறதுக்கு முன்னால இப்படிச் செம்பைத் தொடணும். உடம்புல இருக்குற கரண்டு அதுல எறங்கிரும். இல்லேன்னா சின்னப் பொறி போதும், அம்புட்டுதான்."

"இங்கன எதுக்குடி தொடுற?"

"கை தானாப் போயிருது மதினி."

அதன்பிறகு ஊர் சுற்றிய நேரத்திலும் அந்தக் கைகளைத்தான் நான் கவனித்தேன். கிளம்பும் நாளன்று திடீரென்று மழை. நனைந்துகொண்டே சிரித்தபடி ஓடி வந்த முத்துமாரி, நேராக உள்ளே போய்விட்டாள். சட்டென்று நின்று கையைப் பார்த்தாள்.

"மதினி, தொடாமயே வந்துட்டேன்!"

அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் வேன் மலை இறங்கும்போது எனக்கு மனசு பதறியது. அந்த மறதியை அவள் கொடைக்கானலிலேயே விட்டுவிட்டு வர வேண்டுமே!