நாற்பத்தோராவது பக்கம்

ஆஸ்பத்திரியில் அவனுக்கு ‘வெப்சைட்டு’ என்றுதான் பேர். பெற்றவர்கள் வைத்த பேரை வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் பார்க்கலாம். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், இடிக்கிற மாதிரி நாலு ஆக்ஸிஜன் சிலிண்டர். அதுதான் ஆபீஸ்.

ஆஸ்பத்திரியின் இணையதளத்தில் நாற்பத்தொரு பக்கம். ஒவ்வொன்றின் அடியிலும் ஆம்புலன்ஸ் நம்பர். முன்பெல்லாம் ஒரு எழுத்து மாறினாலும் நாற்பத்தொரு தடவை மாரடிப்பான். பிறகு புத்தி வந்து, அடிப்பகுதியைத் தனி ஃபைலாக எழுதி, எல்லாப் பக்கமும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும்படி செய்துவிட்டான். அதில் அவனுக்கு இருந்த பெருமை இருக்கிறதே, அப்பப்பா! “ஒரு இடத்துல மாத்தினா போதும், எல்லாத்துலயும் மாறிடும்” என்று வாட்ச்மேனைக்கூடப் பிடித்துவைத்துச் சொல்வான்.

எல்லாப் பக்கமும் என்றா சொன்னேன்? நாற்பதுதான். பிரசவப் பக்கத்தை மட்டும், பெரிய டாக்டர் கழுத்தைப் பிடித்த ஒரு நாளில், பழைய பக்கத்தை அடியிலிருந்த நம்பரோடு அப்படியே நகலெடுத்து ஒப்பேற்றியிருந்தான். அப்புறம் அந்தத் தனி ஃபைலோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டவன், விட்டவன்தான்.

அவன் தங்கச்சி கல்யாணமாகி எட்டு வருஷத்துக்குப் பிறகு மாசமாகியிருந்தாள். “மாப்பிள்ளை, அவசரம்னா பிரசவப் பக்கத்தைத் திறங்க. அடியிலேயே நம்பர் இருக்கும்” என்று அவள் வீட்டுக்காரரிடம் இவனேதான் சொல்லிவைத்தான்.

ஒரு திங்கட்கிழமை ஆம்புலன்ஸ் நம்பர் மாறியது. ஃபைலைத் திறந்து மாற்றினான், முதல் பக்கத்தைப் பார்த்தான், டீ குடிக்கப் போய்விட்டான். பாவி, மற்றதையும் ஒரு எட்டு பார்த்திருக்கக் கூடாதா!

வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்குத் தங்கச்சிக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. மாப்பிள்ளை பிரசவப் பக்கத்தைத் திறந்து, அதிலிருந்த பழைய நம்பரையே திரும்பத் திரும்ப அடித்தார். எடுக்க ஆளில்லை. இவனுக்கும் அடித்தார். இவன் மீட்டிங்கில் இருந்தான், போன் மேசைமேல் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. தங்கச்சி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

“நீங்க சொன்ன பக்கத்தைத்தான் மச்சான் பார்த்தேன்” என்றார் மாப்பிள்ளை. நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் தங்கச்சி வாய் திறந்தாள். “அந்தப் பக்கத்தைச் சரி பண்ணிட்டியாண்ணா? வேற யாராவது பார்த்துடப் போறாங்க.”

“அன்னிக்கே பண்ணிட்டேம்மா.”

“ரொம்ப நேரம் பிடிக்கிற வேலையா? அதான் விட்டுப்போச்சா?”

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவளிடம் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

“ஒரு நிமிஷ வேலைதாம்மா.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.