சீமாட்டி உட்கார்ந்த தொட்டில்

அர்மாந்தின் முப்பத்தெட்டு வருடமாகக் கூடை முடைகிறாள். சொன்ன தேதிக்கு ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை. இதை ஊரார் மறந்துவிடக் கூடாதே என்று அவளே அவ்வப்போது நினைவுபடுத்துவாள். அவள் ஊரான பெஷ்-ரோனில் மொத்தம் பன்னிரண்டு வீடுகள். பதினொன்றில் அவள் கைப்பட்ட கூடை உண்டு: விறகுக்கு, வால்நட்டுக்கு, உருளைக்கிழங்குக்கு, ஒரு வீட்டில் கிழட்டு நாய்க்கு. பன்னிரண்டாவது வீடு அவளுடையது. அங்கே துவைத்த துணி நீல நிற பிளாஸ்டிக் டப்பில்தான் கொடிக்குப் போகும்.

"விக்கிறதை வீட்டுல வெச்சுக்கிட்டா அது வித்ததாகுமா?" என்பாள்.

அவள் கணவன் ஆன்செல்ம் பிர்ச் மரத்து மிலாறுகளில் துடைப்பம் கட்டுபவன். அவர்களுடைய இரண்டு ஆடுகளும் அந்தத் துடைப்பங்களைத் தின்னும். ஆட்டுப் பாலில் அர்மாந்தின் பாலாடைக்கட்டி செய்வாள். ஆகவே துடைப்பம் எதுவும் வீணாகவில்லை, உருவம் மாறியிருக்கிறது, அவ்வளவே என்பது ஆன்செல்மின் கட்சி. இவை போக ஒரு கழுதை, கொஞ்சம் கோழிகள், ஆறு வாத்துகள். வாத்துகளில் மூத்தது சாம்பல் நிறத்தில் பெரியது. கழுதையே அதற்கு வழிவிட்டுத்தான் நடக்கும். அதற்குச் சீமாட்டி என்று பெயர்.

ஜனவரியில் ரொட்டிக்கடை ரெஜிஸ் வந்து ஒரு கூடைத் தொட்டிலுக்குச் சொல்லிவிட்டுப் போனான். அவன் மனைவி கப்யூசினுக்கு ஏப்ரல் பத்தாம் தேதி என்று நாள் குறித்திருந்தார்கள். பிள்ளை பிறக்கும் முன் வெறும் தொட்டில் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். பிறந்த அன்று தகப்பன் வந்து எடுத்துப் போவான். அதுவரை அது முடைந்தவள் பொறுப்பு. அர்மாந்தினுக்கு இந்த மாதிரிப் பேச்சுகளில் துளி நம்பிக்கையும் கிடையாது. ஆனாலும் இதுவரை ஒரு தொட்டிலையும் முன்கூட்டிக் கொடுத்ததில்லை.

பிப்ரவரி பிறந்ததும் தொட்டில் தயார். தோல் உரித்த வெள்ளை வில்லோ மரக் குச்சியில், குழந்தை கன்னம் உரசினாலும் கீறாத பின்னல். முடைந்த கூடை காயும்போது கோணிக்கொள்ளும் என்பதால், எப்போதும்போல் வயிறு முட்ட வைக்கோல் திணித்தாள். பிறகு பரண்மேல் ஏற்றியிருக்க வேண்டும். முழங்கால் வலி. ஏணியைப் பார்த்தாள், முழங்காலைப் பார்த்தாள், தொட்டிலைக் கொட்டகை மூலையில் தரையிலேயே வைத்துவிட்டாள்.

அந்த வருடம் சீமாட்டி முட்டையே இடவில்லை என்று இருவரும் நினைத்தார்கள்.

"வயசாயிடுச்சு அவளுக்கு. நவம்பர்ல கொழுப்புல வேக வெச்சு ஜாடியில போட்டுடலாம்" என்றான் ஆன்செல்ம்.

"எனக்கும்தான் வயசாயிடுச்சு."

"உனக்கு ஏத்த ஜாடி கிடைக்கலையே."

மார்ச் பதினாறாம் தேதி அர்மாந்தின் தொட்டிலைப் பார்க்கப் போனாள். தொட்டிலுக்குள் சீமாட்டி இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தை நீட்டி ஒரு சீறல். முந்தின நாள் வரை முற்றத்தில் மேய்ந்து திரிந்தவள், ஒன்றுவிட்டு ஒருநாள் வந்து முட்டையிட்டு, வைக்கோலால் மூடிவிட்டுப் போயிருக்கிறாள். ஒன்பது முட்டை.

ஆன்செல்ம் விரல் விட்டு எண்ணினான். "முப்பது நாள். ஏப்ரல் பதினஞ்சு."

"பிள்ளை பத்தாம் தேதி."

"முதல் பிரசவம் எப்பவும் தள்ளித்தான் போகும். கவலைப்படாதே."

"நீ எத்தனை பெத்தே?"

வேறு தொட்டில் முடையலாமே என்றால், வெள்ளைக் குச்சி தீர்ந்துவிட்டது. மே மாதம் மரத்தில் சாறு ஏறினால்தான் தோல் உரியும். தோலோடு முடைந்தால் குழந்தைத் துணியெல்லாம் கறையாகும். சரி, சீமாட்டியையாவது நகர்த்தலாமா? இரண்டு வருடத்துக்கு முன் மழையில் நனைகிறதே என்று அவளைக் கூட்டோடு இரண்டு முழம் தள்ளி வைத்தார்கள். அவள் இறங்கிப் போனவள் திரும்பவே இல்லை. முட்டைகள் சில்லிட்டுப்போயின. தள்ளி வைத்தது அர்மாந்தின்தான். அதை மட்டும் அவள் யாருக்கும் நினைவுபடுத்துவதில்லை.

அதன்பின் ரொட்டி தேவையோ இல்லையோ, தினமும் கடைக்குப் போனாள். கப்யூசினின் வயிற்றை, மாவு பொங்கிவிட்டதா என்று பார்ப்பவள் மாதிரி பார்த்தாள்.

"என்ன அர்மாந்தினம்மா, அளவெடுக்கிறீங்களா?"

"இல்ல பொண்ணே. ஒண்ணும் அவசரமில்ல, நிதானமா பெத்துக்கோ."

"எனக்கு அவசரம்தான். என் கால் விரலைப் பாத்து ரெண்டு மாசமாச்சு."

ஆட்டுக்கொட்டிலில் துடைப்பம், கொட்டகையில் வாத்து, நடுவில் முப்பத்தெட்டு வருட வாக்கு. ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு ரொட்டி வேன் முற்றத்தில் வந்து நின்றது. ரெஜிஸ் காதில் மாவோடு இறங்கினான்.

"பொண்ணு! மூணு கிலோ இருநூறு! நல்லா வெந்த நிறம்! தொட்டிலைக் குடுங்க, நாளன்னிக்கு வீட்டுக்கு வந்துடுவாங்க."

அர்மாந்தின் அவனைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். சீமாட்டி சீறினாள். ரெஜிஸ் ஓரடி பின்வாங்கினான்.

"இது... என் பொண்ணுதா?"

"தொட்டில் உன் பொண்ணுது. வாத்து என்னோடது. இரு, தூக்கிடறேன்." சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு குனிந்தாள். சீமாட்டி தன்னைக் கொத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கொத்தியிருந்தால் தூக்கிப் போட்டிருப்பாள். சீமாட்டி கொத்தவில்லை. கழுத்தை வைக்கோலோடு தாழ்த்தி, உடம்பை இன்னும் கீழே அமுக்கிக்கொண்டாள். இறகுக்கு அடியில் போன அர்மாந்தினின் கைகளுக்கு ரொட்டி அடுப்பின் சூடு. கைகள் வெறுமனே திரும்பி வந்தன.

"இன்னிக்குத் தர முடியாது, ரெஜிஸ்."

அவள் வாயில் யாரும் கேட்டிராத வாக்கியம். அவனுக்குப் புரியவில்லை. இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

ரெஜிஸ் தலையைச் சொறிந்தான், மாவு உதிர்ந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த கப்யூசினுக்குப் போன் போட்டு, தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னான். பதில் கொட்டகை முழுக்கக் கேட்டது.

"முட்டை மேல உக்காந்திருக்கிறவளை எழுப்புறதா? நீங்க யாராவது அவளைத் தொட்டீங்க, நான் வீட்டுக்கே வரமாட்டேன்!"

"சரிம்மா. பிள்ளையை எதுல படுக்க வைக்கிறது?"

அதுவரை கதவோரம் நின்ற ஆன்செல்ம் வேனின் பின்கதவைத் திறந்தான். உள்ளே ரொட்டி அடுக்கிப் போகும் நீளக் கூடைகள், லினன் துணி வைத்துத் தைத்தவை. ஒன்றை இழுத்துக் கவிழ்த்துத் தட்டினான். துகள் கொட்டியது.

"இது யார் முடைஞ்சது?"

அர்மாந்தினுக்கு அடிப்பகுதியைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. "நான்தான். பதினோரு வருஷம் ஆச்சு."

"குழந்தை கன்னத்துல கீறுமா?"

"நான் முடைஞ்சது எதுவும் கீறாது."

குழந்தை முதல் வாரம் ரொட்டிக்கூடையில் தூங்கியது; இரவில் அழவில்லை என்று பிற்பாடு கப்யூசின் சொன்னாள், இதை நம்பத்தான் யாரும் இல்லை. பதினைந்தாம் தேதி ஒன்பதில் ஏழு குஞ்சுகள் பொரிந்தன. அர்மாந்தின் தொட்டிலை வெந்நீரும் வினிகரும் விட்டு மூன்று முறை தேய்த்து, வெயிலில் காயவைத்து, பதினெட்டாம் தேதி தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"ஒம்பது நாள் லேட், அர்மாந்தினம்மா" என்றான் ரெஜிஸ், கடையில் கூட்டமிருக்கும் நேரமாகப் பார்த்து.

"லேட்டா? உன் பொண்ணுக்குப் படுக்கையைப் பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே கொண்டாந்து குடுத்தவ நான். ரொட்டியை எடு."

நவம்பரில் ஜாடிக்குள் சீமாட்டி போகவில்லை. அடுத்த பிப்ரவரியில் அர்மாந்தின் மிச்சமிருந்த நல்ல குச்சியில் அவளுக்கென்றே அகலமாக ஒரு கூடை முடைந்து, வைக்கோல் போட்டு, கொட்டகை மூலையில் வைத்தாள். சீமாட்டி அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, துணி போடும் நீல பிளாஸ்டிக் டப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து அர்மாந்தின் வீட்டிலும் துணி அந்த வில்லோக் கூடையில்தான் கொடிக்குப் போகிறது.