நின்ற வண்டிகளின் வேகம்

ஸ்டாப் வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, டாக்டர் போல ஆரணிக் கடைத்தெருவில் நடந்தவன் நான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. சட்டைக்கு வெளியே தெரியும்படி வேண்டுமென்றே தொங்கவிடுவேன். எழுபதுகளின் கடைசியில் நெடுஞ்சாலைத் துறையில் எனக்குத் தற்காலிக வேலை. வேலூர் சாலைச் சிறுபாலத்தின் சுவரில் உட்கார்ந்து, கடந்துபோகும் வண்டிகளை எண்ணி, வேகத்தை அளந்து, மணிக்கு மணி சராசரி போட வேண்டும். பத்து மணிக்கு மேல் வண்டிகள் குறைவு; சராசரி வேகமோ நாளிலேயே அதிகம். 'இந்நேரம் நெரிசல் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி தட்டிக்கொடுத்தார்.

அக்காவுக்கு அப்போது நிறைமாதம். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்து பார்த்த நர்சம்மா, இன்றைக்கே வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். அக்காவின் கணவர் உடனே வாடகைக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "ஜல்தி கெளம்பலாம் மச்சான்."

"இப்ப போனா ஸ்கூல் பசங்க, பஸ்ஸுன்னு ஒரே பேஜார் மாமா. பத்து மணிக்கு ரோடு காலி. தெனம் அளந்துகினு இருக்கேன்ல?"

மாமா தயங்கினார். அக்காதான் சிரித்தாள். "கேளுங்க. கழுத்துல கடியாரம் மாட்டிகினு சொல்றான்."

பத்து மணிக்குப் புறப்பட்டோம். கடைத்தெரு முனையில் கார் நின்றது. நெய்த சேலைகளைக் கொடுக்க வந்த தறிக்காரர்களின் சைக்கிள்கள், வைக்கோல் வண்டிகள், நடுவில் ஒன்றுக்கொன்று வழிவிடாத ஒரு பஸ்ஸும் லாரியும். அக்காவுக்கு வலி கண்டுவிட்டது. "தெனம் இந்நேரத்துக்கு இப்படித்தாங்க," என்றார் டிரைவர்.

என் சிறுபாலம் வளைவுக்கு அப்பால் இருந்தது. அங்கிருந்து இந்த முனை தெரியாது. நெரிசலிலிருந்து ஒன்றிரண்டாகத் தப்பி வந்த வண்டிகள் காலிச் சாலையில் பறந்தன, பறந்ததை அளந்தேன். நின்றவை என்னைக் கடக்கவே இல்லை. கடக்காதது சராசரியில் சேராது.

வேலூரில் அக்காவை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது. இறந்து பிறந்தது பெண் குழந்தை. அதன்பின் அக்காவுக்குக் குழந்தையே இல்லை. மாமா என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

எண்பதுகளில் சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஓரிடத்தில் அளந்த வேகத்தைச் சராசரியாக்கினால், நெரிசலைக் கணிக்கும் கணக்கு நெரிசலையே பார்க்காது என்று பேராசிரியர் கரும்பலகையில் கோடுகள் போட்டுக் காட்டினார். கணக்கு புரியாமல் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். புரிந்து அழுதவன் நான்தான்.

ஊருக்கு வந்ததும் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நின்ன வண்டிய நான் எண்ணவே இல்லக்கா."

அவள் என் சோற்றில் ரசத்தை ஊற்றினாள். "எண்ணியிருந்தா மட்டும் நவுந்துட்டிருக்குமா? ஆறுது, சாப்புடு."