நாணல் மடுவில் துடுப்படித்தவர்கள்

காசெரேக்கா என்று பெயர் சொன்னாலே ஒரு வீட்டின் மூன்றாவது ஆண்பிள்ளை என்று ஏரிக்கரை ஊரான விட்சும்பியில் எல்லோருக்கும் புரிந்துவிடும். மூத்த அண்ணன்மார் இருவரும் போர் நடந்த வருடங்களில் ஊரைவிட்டுப் போனவர்கள், திரும்பவில்லை. எல்லோருக்கும் மூத்தவள் மாசிகா. தலைப்பெண்ணுக்கு வைக்கிற பெயர் அது. ஆகவே அப்பாவின் படகு காசெரேக்காவிடம் வந்தது. சரியாகச் சொன்னால், படகின் முன்பக்கத்தில் வெள்ளை பெயின்ட்டில் எழுதியிருந்த 148 என்ற எண் அவனிடம் வந்தது. படகை யாரும் செய்துகொள்ளலாம். எண்ணைச் செய்ய முடியாது. வனப் பூங்காவுக்குள் இருக்கும் ஊர் அது. ஏரியில் இத்தனை படகுதான் இறங்கலாம் என்று வரம்பு உண்டு. எண் இல்லாத படகு வெறும் விறகு.

அந்த எண்ணை அவன் இருபத்திரண்டு வருடம் ஒழுங்காக வைத்திருந்தான். வலைக்கண்ணை மூன்று விரல் நுழைத்து அளந்து பார்க்காமல் வலையைத் தண்ணீரில் விடமாட்டான். விரல் இறுகினால் வலை பரணுக்குப் போய்விடும். ஈரத் துடுப்பைப் படகில் போட்டுவிட்டு வந்த நாள் கிடையாது. ரோந்துக்காரர்கள் மற்ற படகுகளைத் தடவிச் சோதிப்பார்கள், 148ஐக் கையசைத்து அனுப்பிவிடுவார்கள். ஊரில் வேறு எவனுக்கும் அந்த மரியாதை இல்லை.

ஆனால் ஒரு மழைக்காலம் உண்டு. அதை அறிந்தவர்கள் இரண்டே பேர்.

அப்போது அவனுக்கு வயது பத்தொன்பது. துப்பாக்கிக்காரர்கள் வந்து போனதில் படகில் கூட வரும் மூன்று பேரும் ஓடிப்போயிருந்தார்கள். வீட்டில் ஐந்து வாய். மாசிகா, ஊரைவிட்டுப் போன தம்பியின் பழைய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, தலையில் துணியை இறுக்கிக்கொண்டு படகில் ஏறினாள். பெண் கால் பட்ட படகில் மீனவன் உட்காரமாட்டான். அது அந்தக் கரையின் பழக்கம். அதனால் ஆளில்லாத இடத்துக்குத்தான் போக முடிந்தது. ஆளில்லாத இடம் என்றால் நாணல் மடு. மீன் முட்டையிடும் இடம், யாரும் வலை போடக்கூடாது. கொட்டும் மழையில் ரோந்துப் படகின் கண்ணுக்கு எதுவும் தெரியாது. காசெரேக்கா துடுப்பின் தட்டையான பக்கத்தால் தண்ணீரை ஓங்கி அடித்தான். மீன் மிரண்டு வலைப் பக்கம் ஓடியது. வலையின் தலைப்பு மாசிகாவின் கையில் இருந்தது. நான்கு நாள் அப்படிப் பிடித்தார்கள். ஐந்தாம் நாள் மடுவில் ஒன்றுமில்லை.

மடுவில் மீன் பிடித்தவனுக்கு எண் பறிபோகும், அது மீனவர் சங்கத்தின் விதி. எத்தனை வருடம் கழித்துத் தெரிந்தாலும் பறிபோகும்.

எண்ணெய்க் கம்பெனி வந்தது அந்த இருபத்திரண்டாவது வருடக் கோடையில். ஏரியின் தென்பாதியைக் கட்டம் கட்டமாகப் பிரித்த வரைபடத்தைக் கரையோரச் சுவரில் ஒட்டினார்கள். அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று தண்ணீருக்குள் சத்தம் எழுப்பிச் சோதிக்க வேண்டும், இருந்தால் துளை போட வேண்டும். மீனவர் சங்கம் வரவேற்றுக் கையெழுத்துப் போட்டால் புதுப் படகுத்துறை வரும் என்றார்கள். சோதனை தொடங்கும் முதல் கட்டத்துக்குள் நாணல் மடு இருந்தது.

"நாம ஒரு மீனைத் தொட்டா பூங்காக்காரன் துப்பாக்கியை நீட்டுறான்," என்றார் சங்கத் தலைவர் கத்தெம்போ. "இவன் ஏரியையே தொட வர்றான், இவனுக்கு வணக்கம் போடுறான்!" எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வரவேற்புக் கடிதம் தட்டச்சாகி அவர் சட்டைப்பையில் தயாராக இருந்தது.

கடிதத்தில் கையெழுத்துப் போடும் கூட்டத்துக்கு முந்திய நாள் காசெரேக்கா அக்காவின் மீன்மேடைக்குப் போனான். மாசிகா பிளந்த மீனில் உப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வாயைத் தொறக்கப்போறியா?"

"இன்னும் முடிவு பண்ணலக்கா."

"முடிவு பண்ணாதவன்தான் வெள்ளைச் சட்டையைத் துவைச்சுக் கொடியில போட்டிருக்கியாக்கும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சத்தம்தான் போடப்போறோம், வேற ஒண்ணுமில்லைங்கிறான் கம்பெனிக்காரன். சத்தம் என்ன பண்ணும்னு இந்த ஊர்ல நமக்குத்தானே தெரியும்?"

"நம்பர் போயிடும்டா."

"தெரியும்."

"அப்புறம் கரையில உக்காந்து நாரையை எண்ணணும். அந்த வேலைக்கு இங்க ஏற்கெனவே ஆள் ஜாஸ்தி."

"உன் பேரு வராதுக்கா. நான் தனியாப் போனேன்னு சொல்லிடுறேன்."

மாசிகா அடுத்த மீனை எடுத்தாள். "தனியாவாம். மூஞ்சியைப் பாரு. பொய் சொன்னா காது சிவக்கும் உனக்கு, பிறந்ததுலேருந்து."

மறுநாள் காலை கரையில் பந்தல். கம்பெனி சார்பில் இலுங்கா என்பவர் வந்திருந்தார். நல்ல மரியாதைக்காரர், பெரியவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பூங்கா அதிகாரி ஒருவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"வெறும் சத்தம்," என்றார் இலுங்கா. "தண்ணிக்குள்ள சத்தம் போட்டு, அடியில என்ன இருக்குன்னு கேட்டுப் பார்ப்போம். சத்தத்தால மீன் கெட்டதை யாராவது கண்ணால பார்த்திருக்கீங்களா? பார்த்தவங்க எழுந்திரிங்க. அப்படியே எழுதிக்கிறேன்."

"என் பொண்டாட்டி கத்தினா நீர்யானையே கரையேறி ஓடுது," என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அதையும் எழுதிக்கங்க!"

சிரிப்பு அடங்கும்போது காசெரேக்கா எழுந்து நின்றிருந்தான். எண்ணைச் சொன்னான், எந்த வருடம் என்று சொன்னான், துடுப்பால் அடித்ததைச் சொன்னான். "நாலு நாள் அடிச்சேன். அந்த மழை முடியிறவரைக்கும் மடுவுல மீன் வரலை. அடுத்த மழைக்கும் வரலை. மூணாவது மழைக்குத்தான் மீன் முட்டையிட மணல்ல குழி பறிச்சுது. வருஷா வருஷம் தூரத்துல நின்னு பார்த்தேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. கத்தெம்போ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இலுங்கா கடைசிவரை எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"நன்றி. ஒரே ஒரு கேள்வி. துடுப்படிச்சது நீங்க. வலையைப் பிடிச்சது யாரு?"

"நான்தான்."

"ரெண்டும் நீங்களேவா?"

பந்தலில் இருந்த ஒவ்வொரு மீனவனுக்கும் தெரியும், ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது. காசெரேக்காவின் காது சிவந்தது.

"அப்படின்னா ஒண்ணு இது நடக்கவே இல்லை, இல்லைன்னா பாதியை மறைக்கிறீங்க. பாதிச் சாட்சியை நான் எப்படி எழுதுறது, சொல்லுங்க?" இலுங்கா பேனாவை மூடினார். குரலில் ஏளனம் இல்லை. அதுதான் காசெரேக்காவை இன்னும் குறுகவைத்தது. எண்ணும் போயிற்று, சொன்னதும் வீணாயிற்று.

"பேனாவைத் தொறங்க." பெண்கள் பக்கமிருந்து குரல் வந்தது. மாசிகா எழுந்து நின்றாள். "வலையைப் பிடிச்சது நான்."

பந்தல் இரைந்தது. ஒரு கிழவர் கம்பைத் தரையில் தட்டினார். "பொம்பளை படகுல ஏறினாளா! அதான் அந்த வருஷம் ஏரி கையை விரிச்சுது!"

"பெரியவரே, அந்த வருஷம் உங்க வீட்டுல வெந்ததும் அந்தப் படகு மீனுதான். என் கையால வாங்கிட்டுப் போனீங்க. கசந்துச்சா?"

கிழவர் கம்பை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார். "உக்காருக்கா," என்றான் காசெரேக்கா, கெஞ்சுவதுபோல. அவள் உட்காரவில்லை.

"துடுப்படிக்கிறவன் துடுப்பைத்தான் பார்ப்பான். வலை பிடிக்கிறவ மீனோட வாயைப் பார்ப்பா. எங்க ஏரி மீனு முட்டையையும் குஞ்சையும் வாயில வச்சு வளர்க்குது ஐயா. பசிச்சாலும் முழுங்காது. தம்பி ஒரு அடி அடிப்பான், அது வாயைத் தொறந்து அத்தனையையும் துப்பிடும். தினையைக் கொட்டின மாதிரி தண்ணி முழுக்க மஞ்சளா மிதக்கும். நான் என் கையால அள்ளிப் பார்த்தேன். திரும்ப எந்த வாயில போடுறது, சொல்லுங்க?" அள்ளியதுபோல் இரண்டு கைகளையும் குவித்துக் காட்டினாள். "அது ஒரு துடுப்பு. உங்க சத்தம் எத்தனை துடுப்பு?"

இலுங்கா பேனாவைத் திறந்து இரண்டு பக்கம் எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். கத்தெம்போ சட்டைப்பைக் கடிதத்தை எடுத்து, நான்காக மடித்து, மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார். அன்று அதில் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

சோதனைப் படகு பிறகு வந்தது. ஏரியின் மேற்கே சில நாள் சத்தம் போட்டுவிட்டுப் போனது. நாணல் மடு இருந்த கட்டத்துக்குள் வரவில்லை. காரணம் அந்த இரண்டு பக்கமா வேறேதாவதா என்று கம்பெனி சொல்லவில்லை. அடுத்த கோடையில் வருமா என்பதும் தெரியாது. வரைபடம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது.

ஆனால் சங்கத்தின் வேலை மூன்றாம் நாளே நடந்தது. கத்தெம்போ சுரண்டுகத்தியோடும் படகுப் பதிவேட்டோடும் கரைக்கு வந்தார்.

"ஏதாவது வழி இருந்தா சொல்லுடா," என்றார்.

"விதியை நாமதானே எழுதினோம், தலைவரே."

கத்தெம்போ 148ஐச் சுரண்டத் தொடங்கினார். மரம் சிராய்த்தது. காசெரேக்கா கத்தியை வாங்கிக்கொண்டான். ஒன்றை எடுத்தான், நான்கை எடுத்தான், எட்டின் இரண்டு வளைவுகளையும் மரத்தில் கீறல் விழாமல் எடுத்தான். அரை மணி நேரம் ஆயிற்று. தூசியை வாயால் ஊதித் தள்ளினான்.

கத்தெம்போ பதிவேட்டைத் தொடைமேல் விரித்தார். எண் நீக்கம். காரணம். குற்றத்தில் ஈடுபட்டவர்கள். காசெரேக்காவின் பெயரை எழுதிவிட்டு மூடப்போனார்.

"இன்னொரு பேரு எங்க?" என்றாள், மீன்மேடையிலிருந்து வந்து நின்ற மாசிகா.

"உன்னை எதுக்கும்மா இதுல? பொம்பளை பேரு இந்தப் புத்தகத்துல ஏறினதே இல்லை."

"கூட்டத்துல ரெண்டு பேர் சொன்னது. புத்தகத்துல ஒருத்தன் பேர்தான் இருந்தா, நாளைக்கு இன்னொருத்தன் வந்து பாதிச் சாட்சிம்பான். எழுதுங்க."

கத்தெம்போ காசெரேக்காவைப் பார்த்தார். அவன் எண் இருந்த இடத்தை உள்ளங்கையால் தடவியபடி, "எழுதுங்க தலைவரே," என்றான்.

அவர் எழுதினார். மாசிகாவுக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும். உப்புக் கையைத் துணியில் துடைத்துவிட்டு, விரலை வரிக்குக் கீழே வைத்து, தம்பியின் பெயரையும் தன் பெயரையும் எழுத்து எழுத்தாகப் படித்தாள். பிறகுதான் புத்தகத்தை மூட விட்டாள்.