நரம்பு என்றால் எந்த நரம்பு

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பூ கட்டி விற்கிறேன். போன மழைக்காலத்தில் வலது கைக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போக ஆரம்பித்தன. நார் விரலில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்றே தெரியாது. முடிச்சு இறுகாமல் மல்லி உதிரும்.

"இன்னாக்கா, வெள்ளிமலை போய் எறங்குனா நாருதான் மிஞ்சுது," என்றாள் வழக்கமாக வாங்கும் ஒருத்தி.

சிரித்து வைத்தேன். உள்ளே, விரல் போனால் பிழைப்பு போச்சே என்ற நினைப்புதான்.

டாக்டர் நரம்பு டெஸ்ட் எடுக்கச் சொன்னார். கரண்ட் வைத்துப் பார்ப்பார்களாம். எட்டாவதோடு நின்றவள் நான். எனக்குத் தெரிந்த நரம்பு, ஊசி போட நர்ஸ் தட்டித் தட்டித் தேடுவதுதான். என் கையில் அது லேசில் கிடைக்காது. அதில் கரண்ட் வேறா? ரத்த டெஸ்டுக்குப் போகிற மாதிரி வெறும் வயிற்றோடு கிளம்பினேன். அன்றைக்கும் வியாபாரத்தை விட மனசில்லாமல், ஈரச் சாக்கில் கைவிட்டுப் பூ கட்டிவிட்டுத்தான் போனேன். வீட்டுக்காரர் மட்டும் நிதானமாக வடை தின்றுவிட்டு வந்தார்.

டெஸ்ட் எடுக்கும் பெண் முன்னால் கையை நீட்டி இறுக்கி மூடிக்கொண்டேன்.

"இன்னாத்துக்குக்கா கைய இறுக்கிக்கினு இருக்கீங்க?"

"நரம்பு தெரியட்டும்னுதாம்மா."

"அது ரத்த நரம்பு. நான் பாக்கறது, எதையாவது தொட்டா சுரணை தெரியுதில்ல, அந்த நரம்பு. ஊசியே கெடையாது."

எனக்கு அதுவே பாதி வைத்தியம்.

ஆள்காட்டி விரலில் மோதிரம் போல இரண்டு வளையம் மாட்டி, மணிக்கட்டில் வில்லை ஒட்டினாள். விரலில் சுள்ளென்றது. அந்தச் சுள் மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்தால் கம்ப்யூட்டர் கோட்டில் ஒரு மேடு எழும்புமாம். எழும்பியது, ஆனால் ரொம்ப லேட்டு என்றாள். நன்றாக இருக்கும் சுண்டு விரலிலும் போட்டுப் பார்த்தாள். அதுவும் லேட்டு.

"இதுவும் போச்சாம்மா?" என்றேன்.

அவள் என் உள்ளங்கையைத் தொட்டாள். "ஐஸ் மாதிரி இருக்குதேக்கா. சில்லுனு இருந்தா எல்லா நரம்பும் மெதுவாத்தான் ஓடும்."

பூ ஈரமும் அங்கிருந்த ஏசியும் செய்த வேலை. வெந்நீரில் கொஞ்ச நேரம் கையை வைத்திருக்கச் சொல்லிவிட்டு மறுபடி டெஸ்ட் எடுத்தாள். சுண்டு விரல் மேடு டக்கென்று வந்தது. ஆள்காட்டி விரல் மேடு சின்னதாக, கொஞ்சம் பிந்தி வந்தது.

"வெள்ளிமலை பஸ்ஸு மாதிரி. லேட்டானாலும் வந்துடும்," என்றார் வீட்டுக்காரர்.

நரம்பு மணிக்கட்டில் நெருக்குப்படுகிறது, சாகவில்லை என்றார் டாக்டர். தூங்கும்போது மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டை கொடுத்தார். தினமும் மாட்டி மாட்டி, இப்போது விரலில் நார் தெரிகிறது. யாராவது நரம்பு டெஸ்ட் என்றால், "எந்த நரம்புன்னு கேட்டுக்க. கைய சுடவச்சிக்கினு போ," என்கிறேன்.

நேற்று அந்த வெள்ளிமலைக்காரி வந்தாள். "வூடு வரைக்கும் ஒரு பூ உதிரல. அதே மாதிரி ரெண்டு மொழம் குடுக்கா."

இறுக்கி முடிந்து கொடுத்தேன்.