டிப் ராடு விழுந்த இடம்

பெட்ரோல் பங்குகளில் மண்ணுக்கடியில் புதைத்த தொட்டிக்குள் இறங்கி, துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. பழைய தொட்டிக்கு உள்பூச்சு கொடுத்துப் புதுப்பிக்கும் முன், அது தாங்குமா என்று நான் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது. நான் நல்ல தொட்டி என்றால் அது நல்ல தொட்டிதான்.

காசிமேட்டில் ஒரு டீசல் பங்க். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் நின்றதால் தொட்டியைக் காலி செய்ய முடிந்தது. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "தெனமும் காலையில நானே டிப் ராடு போட்டு அளவு பாக்கேன் மேடம். ஒரு சொட்டு குறைஞ்சதில்ல" என்றார்.

பின்தெருவில் மீன் விற்கும் அம்மாள் ஒருத்தி. தன் வீட்டு அடிபம்புத் தண்ணீரில் டீசல் வாடை வருகிறது என்று அவள் இவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். காசு பறிக்கப் பொய் சொல்கிறாள் என்று இவர் தெரு முழுக்கப் பரப்பிவிட்டார். தெருவும் நம்பிவிட்டது. அது பொறுக்காமல், நான் இறங்கும் அன்று அவளும் வந்து நின்றாள். "உள்ள இன்னா கீதுன்னு நல்லா பாத்து சொல்லும்மா."

காற்றைச் செலுத்தி, வாயு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு இறங்கினேன். உப்புத் தண்ணீர் ஊர் என்பதால் எல்லாரும் பக்கச்சுவரைத்தான் சந்தேகிப்பார்கள். தகட்டின் தடிமன் காட்டும் கருவியை இடம் இடமாக வைத்துப் பார்த்தேன். "சுவர் கெட்டியா இருக்கு" என்று குரல் கொடுத்தேன்.

"கேட்டுக்கிட்டியா?" என்று மேலே முதலாளி அவளைச் சீண்டியது எனக்கே கேட்டது.

"அவசரப்படாதீங்க அண்ணாச்சி!" என்று உள்ளிருந்தே கத்தினேன்.

டிப் ராடு என்கிற அளவுக் கம்பி இறங்கும் துவாரத்துக்கு நேர் கீழே போனேன். கவனமான முதலாளிகளுக்கென்றே ஒரு கோளாறு உண்டு. தினமும் ராடு ஒரே இடத்தில் டங்கென்று இடிக்கும். அங்கே தகடு பள்ளமாகி, டீசலுக்கு அடியில் தங்கும் தண்ணீர் நின்று அரிக்கும். மெல்லிய கசிவு டிப் அளவில் தெரியவே தெரியாது. வண்டலை வழித்துவிட்டுப் பித்தளைச் சுத்தியலால் தட்டினேன். மற்ற இடமெல்லாம் கணீரென்றது. இங்கே பொதுக்கென்று உள்ளே போனது. விரலை விட்டதும் டீசலில் ஊறிய மணல் வந்தது.

மேலே ஏறி அந்த மணலை நீட்டினேன். அண்ணாச்சி மோந்து பார்த்தார், முகம் செத்துவிட்டது. பாவமாகவும் இருந்தது, கோபமும் வந்தது.

"கீழ தகடு வச்சு வெல்டிங் பண்ணி, பூச்சு குடுத்தா தொட்டி பிழைச்சிடும். மண்ணையும் தண்ணியையும் நீங்கதான் சுத்தம் பண்ணித் தரணும்" என்றேன்.

அவர் அந்த அம்மாளைப் பார்க்காமலே, "நாளையிலேர்ந்து தண்ணி லாரி அனுப்புதேன்" என்றார்.

"லாரி வர்றப்போ வரட்டும். மொதல்ல நீ வா நைனா. தெருவுல நின்னு, நான் சொன்னது நெசம்னு உன் வாயால சொல்லு."

அவள் முன்னால் நடக்க, அவர் பின்னால் போனார். கையைக்கூடக் கழுவாமல் நானும் போனேன். இதைப் பார்க்காமல் விடுவேனா? தெருப் பம்படியில் குடத்தோடு நின்றவர்களுக்கு எதிரே நின்று, தரையைப் பார்த்தபடி அவர் ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல" என்றாள் அவள்.